தரமணி லேசரும் கடலடி கேபிளும்



நம் அஸ்தினாபுரத்திலிருந்து தரமணி அப்படியொன்றும் தூரமில்லை. அங்கே சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளை ஆராயும் தேசிய மையம் இருக்கிறது என்றால் பலர், "அப்படியா சார்?" என்கிறீர்கள். ஒளி பட்டதும் மூலக்கூறுகளில் நடப்பதை லேசர் துடிப்புகளால் பிடித்துப் பார்க்கும் இடம் அது.

ஒரு நொடியை 100 கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி 10 லட்சம் பங்காக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. அதற்குள் ஒளியே 0.3 மைக்ரான்தான் நகரும். 1990-இல் கார்னெலில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் இத்தகைய துடிப்புகளால் உயிருள்ள செல்களைப் படமெடுத்தார்கள். மரியா கெப்பர்ட்-மேயர் 1931-இல் காகிதத்தில் கணக்கிட்டு வைத்த விஷயம் அது!

ஆனால் கருவியைக் கட்டி மேய்ப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதுதான். பீட்டர் மோல்டன் 1982-இல் கண்ட டைட்டானியம்-சஃபையர் படிகத்துக்கு ஒளி ஊட்ட அப்போது ஆர்கான் லேசர் வேண்டும். அதற்கு மும்முனை மின்சாரம், நிமிடத்துக்குப் பல லிட்டர் தண்ணீர். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நம் ஊரில் இதை யோசித்துப் பாருங்கள். கண்ணாடிகள் இம்மி நகர்ந்தாலும் துடிப்பு நின்றுவிடும்.

விலை இறங்கியது எதிர்பாராத திசையிலிருந்து. 1987-இல் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவினர் எர்பியம் கலந்த கண்ணாடி இழையில் ஒளியைப் பெருக்கிக் காட்டினார்கள். டெலிபோன் கம்பெனிகள் விடுமா? 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போட்ட கடலடி கேபிள் போன்றவற்றில் வழியெங்கும் இந்த எர்பியம் இழைதான். அதற்கு ஒளி ஊட்டும் விரல் நுனி அளவு டயோடுகள் கடலடியில் 25 ஆண்டு தாங்க வேண்டும். அப்படி உறுதியாக, ஏராளமாகச் செய்யப்பட்டதால் மலிந்தன. அதே டயோடு, அதே இழை, கூடவே உர்சுலா கெல்லர் 1992-இல் தந்த, துடிப்பைத் தானே தொடங்கிவைக்கும் குறைக்கடத்திக் கண்ணாடி. சேர்த்தால் ஷூ டப்பா அளவில் அதிவேக லேசர். தண்ணீர் வேண்டாம். ஒளி இழைக்குள்ளேயே ஓடுவதால் ஆட்டினாலும் கலையாது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம். ஐஐடி மெட்ராஸில் இழை லேசர் ஆய்வு நடக்கிறது. ஆனாலும் நம் ஆய்வகங்களில் இருப்பவை பெரும்பாலும் இறக்குமதிதான். ஒரு டயோடு போனால் உதிரிபாகம் கப்பலேறி வரும்வரை ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக் காலம் கரைகிறது. மெப்ஸில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் இதைப் படிப்பீர்கள் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.