நமுனுகுலவுக்கு ஏறிய உப்பு

பசறை, நமுனுகுலத் தோட்டங்களில் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் உடம்பு போட்டால் போதும், "தைரொய்டா இருக்கும், இரத்தம் பார்த்துடு" என்கிறார்கள். அந்தச் சுரப்பிமீது இத்தனை பழி விழுவது புதிது. மலைநாட்டில் அதன் பழைய கதை எடையைப் பற்றியதே அல்ல, உப்பைப் பற்றியது. கண்டி அரசர் காலத்தில் அம்பாந்தோட்டை உப்பளங்களிலிருந்து பொதிமாடுகள் ஊவாவுக்கு உப்பேற்றி வந்தன. பிறகு உப்பு ஆங்கில அரசின் ஏகபோகமானது. 1924இல் பதுளைக்கு ரயிலும் வந்தது. எப்படி வந்தாலும் வந்தது கடலுப்பு, அதில் அயடீன் மிகச் சொற்பம். மண்ணிலிருந்த அயடீனையோ மலைமழை அரித்துக்கொண்டு போகிறது. கடலின் அயடீன் ஓரளவாவது லயத்துச் சட்டிக்கு வந்தது கருவாட்டில்தான்.

தைரொக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயடீன் அணுக்கள் உண்டு. அயடீன் குறைந்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி தைரொய்டை விரட்டுகிறது. சுரப்பி பருத்து, கிடைத்ததை வைத்துப் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது. கழுத்துக் கழலை இந்தச் சமாளிப்பின் அடையாளம். அதனால்தான் கழுத்து வீங்கியவருக்கெல்லாம் உடம்பு பெருப்பதில்லை.

இதற்கு மறுப்பாக 1891ஐக் காட்டலாம். அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே, சுரப்பி செயலிழந்து உடல் ஊதிப்போன பெண்ணுக்கு ஆட்டுத் தைரொய்டுச் சாற்றை ஊசியாக ஏற்றினார், ஊதல் வடிந்தது. 1895இல் மாக்னஸ்-லெவி, இந்தச் சாறு உடலின் ஒட்சிசன் செலவைக் கூட்டுகிறது என்று அளந்து காட்டினார். இரண்டும் உண்மை. ஆனால் வடிந்ததில் பெரும்பங்கு உப்பும் நீரும். சுரப்பி நன்றாகவே மந்தமானாலும் அதனால் கூடுவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான். அதற்கு மேற்பட்ட எடைக்கு வேறு காரணம் தேட வேண்டும். சுரப்பி நன்றாக இருப்பவர் மெலிவதற்காகத் தைரொக்சின் மாத்திரையை விழுங்கினால் இதயம் படபடக்கும், எலும்பும் தேயும். மேல்நாட்டில் அதை மெலிவு மருந்தாக விற்றுப் பட்ட பாடு சிறிதல்ல.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமான பிறகுதானே தைரொய்டு வியாதி பெருகியது? சட்டம் வந்து மூன்று ஆண்டுகளில் இலங்கைப் பள்ளி மாணவியரின் இரத்தத்தில் தைரொய்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்து காணப்பட்டது மெய்தான். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவை குறைந்திருந்தன. பிறபொருளெதிரி இருப்பது வேறு, சுரப்பி கெடுவது வேறு. கல்லுப்பைக் கழுவி உப்புத் தண்ணீராகக் கரைத்து வைக்கும் வீடுகளில் அந்த அயடீனிலும் ஒரு பங்கு கழுவிய நீரோடு போய்விடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1989இல் வெளியான 17 மாவட்ட ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளில் 18.8 வீதத்தினருக்குக் கழலை இருந்தது, களுத்துறையில் 30.2 வீதம். 2005இல் நாட்டளவில் அது 3.8 வீதம். உடலின் அளவைச் சுரப்பிதான் தீர்மானிக்கிறது என்றால், கழுத்து சீரானதோடு உடலும் சீராகியிருக்க வேண்டும். ஆனால் 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாட்டின் சராசரி 17.3. இந்தக் கணக்கைச் சுரப்பியிடம் கேட்டுப் பயனில்லை. கோதுமை மா ரொட்டி, சீனித் தேத்தண்ணி, சம்பளம் ஆகியவற்றிடம்தான் கேட்க வேண்டும்.