கல்லும் கயிறும்: தூத்துக்குடி முத்துச் சலாபத்தில் குளியாளின் உயிர்க்காப்பு

முன்னுரை

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு குறித்த வரலாற்றெழுத்து பெரும்பாலும் முத்தின் வாணிகத்தையும், சலாபத்தின் வருவாயையும், அதன்மீது அரசுகள் கொண்ட உரிமையையுமே பேசிவந்துள்ளது. கடலடிக்குச் சென்ற குளியாள் உயிரோடு மீள்வதற்கு எவற்றை நம்பினார் என்ற வினா ஓரத்திலேயே நிற்கிறது. குளியாளைத் தோணியோடு இணைத்த கயிற்றையும் அதன் மறுமுனையில் நின்றவரையும் முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

இத்தொழிலின் இடர் பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. கொற்கைத் துறையில் சுறாவை விலக்கி வலம்புரிக்காக மூழ்கிய பரதவரை அகநானூற்றின் 350ஆம் பாடல் காட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளஸ்’ கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. ஒன்று தொழில்திறனைச் சொல்ல, மற்றொன்று கட்டாயத்தைச் சொல்கிறது. இரண்டிலும் கயிறு பற்றிய குறிப்பில்லை.

கல்லும் கயிறும்

எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் முதலியோரின் அறிக்கைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்த செயல்முறையை அறியலாம். தோணிகள் இரவில் கரைக்காற்றில் புறப்பட்டு விடியலில் பாரை அடையும். ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கல்லின் கயிற்று வளையத்தில் குளியாள் ஒரு காலை நுழைத்து, மூக்கை விரலால் அழுத்திக்கொண்டு இறங்குவார். அடித்தளத்தை அடைந்ததும் கல்லை விடுவார். மேலிருப்பவர் அதனை இழுத்துக்கொள்வார். வலைப்பையில் சிப்பிகளைச் சேர்த்தபின் குளியாள் பைக்கயிற்றை வெட்டி இழுப்பார். அதுவே மேலே தூக்குவதற்கான குறிப்பு. ஒரு மூழ்கலுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்.

இங்குக் கவனிக்கத்தக்கது, பெரும்பாலான விவரிப்புகளில் கயிறு உடலோடு முடியப்படவில்லை என்பது. அது கல்லோடும் பையோடும் பிணைந்திருந்தது. குளியாள் அதைப் பற்றியிருந்தார். எனவே அவருடைய பாதுகாப்பு முடிச்சில் இல்லை, கையின் பிடியில் இருந்தது. மூச்சடக்கி மூழ்குபவர் மேலேறும்போது நீரழுத்தம் குறைய, நுரையீரலிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் விரைந்து குறையும். நீர்ப்பரப்பை நெருங்கும் கடைசிச் சில மீட்டர்களிலேயே மயக்கத்திற்கு வாய்ப்பு மிகுதி. மயங்கியவரின் கை கயிற்றை விட்டுவிடும். மேலே வருவது பை மட்டுமே. ஒரு கல்லுக்கு இருவர் எனக் குளியாட்கள் மாறிமாறி மூழ்கிய வழக்கத்தை, ஓய்வுக்கான ஏற்பாடாக மட்டும் காண்பது போதாது. அடுத்த முறைக்குக் காத்திருந்தவரே உடனடியாக மூழ்கி மீட்கக்கூடியவராகவும் இருந்தார்.

கயிறு பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தவரான மச்சானாகவே இருப்பார் என்பது தென்கடற்கரையில் பரவலாக வழங்கும் வாய்மொழி மரபு. தங்கையின் தாலியைக் காப்பவன் கயிற்றை நழுவவிடமாட்டான் என்பது அதன் காரணம். இதை எல்லாத் தோணிகளுக்கும் பொருந்திய விதியாகக் கொள்வதற்கில்லை. எனினும், கயிற்றின் வலிமையைவிட அதைப் பிடித்தவரின் கடப்பாடே பெரிதாக எண்ணப்பட்டதை இம்மரபு உணர்த்துகிறது. ஜப்பானில் தோணியிலிருந்து மூழ்கும் ‘அமா’ பெண்களின் கயிற்றைக் கணவர் பிடித்த வழக்கம் இதற்கு நெருங்கிய இணை. பாரசீக வளைகுடாவிலோ கயிறு இழுப்பவர் ‘சைப்’ என்ற தனிப்பெயருடைய தொழிலாளி.

உரிமைக் கணக்குகளின் நிலை வேறு. மதுரை நாயக்கர், சேதுபதி ஆகியோரின் சலாப உரிமைகள் கல்லெண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டன. குளியாளைக் கீழே கொண்டுசென்ற கல் வருவாயின் அலகாயிற்று. மேலே கொண்டுவந்த கயிறு எக்கணக்கிலும் அலகாகவில்லை.

கடல்கட்டி

கயிற்றால் தடுக்க இயலாத இடர் சுறா. அதனை மந்திரத்தால் கட்டுபவர் கடல்கட்டி எனப்பட்டார். மீன்களை மயக்குவோருக்கு விளைவில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். 1859இல் வெளிவந்த நூலில் எமர்சன் டென்னன்ட், இலங்கைச் சலாபத்தின் கடல்கட்டிக் குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் எனப் பதிவுசெய்தார். 1530களில் பரதவர் சமயம் மாறியபின்னும் இப்பணி தொடர்ந்ததில் வியப்பில்லை. அதன் தகுதி சமயத்தைச் சாராமல் குடும்ப வழியாகக் கொள்ளப்பட்டது. மூடநம்பிக்கை என எள்ளிய ஆங்கிலேய அதிகாரிகளும் கடல்கட்டிக்கு ஊதியம் தந்தனர். அவரின்றிக் குளியாட்கள் இறங்க மறுத்ததே காரணம். சுறா தென்பட்டால் வேலையை நிறுத்தும் முடிவு தனிக் குளியாளின் அச்சமாகக் கருதப்படாமல் பொது முடிவாகக் கருதப்படவும் கடல்கட்டியின் இருப்பு உதவியிருக்கலாம்.

கயிற்றிலிருந்து குழாய்க்கு

தூத்துக்குடியின் கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடைபெற்றன. அதன்பின் பார்கள் திறக்கப்படவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியபோது, முத்துக்கு மூழ்கல் இன்றியமையாததாக இருந்த நிலையே மாறிற்று. குளிப்பு சங்குத் தொழிலில் நீடித்தது.

அண்மைக்காலச் சங்குகுளிப்பில் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்து மூழ்கும் முறை புகுந்துள்ளது. இதில் பழைய கயிற்று நெறி தலைகீழாகிறது. மூச்சடக்கிய குளியாளை எவ்வளவு விரைவாக இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கியபடி விரைந்து ஏறினால் நுரையீரல் கிழியக்கூடும். நெடுநேரம் ஆழத்தில் இருந்திருந்தால் குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுவலியையும் பக்கவாதத்தையும் விளைவிக்கும். மேலிருப்பவர் இப்போது இழுக்கும் வேகத்தைக் காட்டவேண்டியதில்லை. எஞ்சினில் எரிபொருள் தீராமலும், குழாய் மடங்காமலும், எஞ்சின் புகை காற்று உள்வாயிலில் கலக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமுறைகளாகக் கைக்குப் பழகிய ‘குறிப்புக் கிடைத்ததும் இழு’ என்ற நெறிக்கு மாற்றாக, மெதுவாக, இடையில் நிறுத்தி மேலேறச் செய்யும் பயிற்சி அவருக்குத் தேவைப்படுகிறது.