பூட்டிய பேனலுக்குள் ஒரு கேபிள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில் ஒன்றில், பழுக்கக் காய்ந்த கம்பி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓட்டத்திலேயே வெட்டும் கத்தரிக்கு வரவேண்டிய உத்தரவு நொடியில் நூறில் ஒரு பங்கு பிந்தினாலும் துண்டின் நீளம் 10 சென்டிமீட்டர் தவறிவிடும். ஆலை எந்திரங்களுக்கென்று தனி இயங்குதளங்கள் ஏன் பிறந்தன என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அவற்றிடம் எதிர்பார்ப்பது வேகத்தை அல்ல, நேரம் தவறாமையை. ஜெனரல் மோட்டார்ஸின் தேவைக்காக 1969இல் வந்த மோடிகான் 084, அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த ரிலேக்களின் வேலையை ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. உள்ளீட்டைப் படி, தர்க்கத்தைப் பார், வெளியீட்டை எழுது, மறுபடி தொடங்கு: அதற்குத் தெரிந்தது இந்தச் செக்குமாட்டுச் சுற்று மட்டுமே. ஒரே நேரத்தில் பல வேலைகளை முன்னுரிமைப்படி நடத்தும் விஎக்ஸ்வொர்க்ஸ் போன்ற இயங்குதளங்கள் 1980களில் வந்தன. 1979இல் அந்த மோடிகான் நிறுவனமே வகுத்த மோட்பஸ் என்ற தகவல் முறையில் கடவுச்சொல்லுக்கு இடமே இல்லை. கேட்பவர் யாராக இருந்தாலும் கேட்டதைக் கொடுக்கும். இதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். பேனல் கதவின் பூட்டுதான் அன்றைய பாதுகாப்பு. சாவி மெயிண்டனன்ஸ் ஆளின் இடுப்பில் இருந்தது.

இந்த எந்திரங்களின் இன்றைய ஆபத்துக்கு அவற்றின் வயதைக் காரணம் காட்டுவது வழக்கம். அவற்றை வெளியுலகோடு இணைத்த கேபிள்தான் காரணம் என்பது என் வாதம். 2014இன் தொடக்கத்தைப் பாருங்கள். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் புகையையும் கழிவுநீரையும் இடைவிடாமல் அளந்து இணையம் வழியே அனுப்பவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிப்ரவரியில் உத்தரவிட்டது. இரும்பு எஃகு ஆலையும் அனல் மின் நிலையமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கிண்டியில் உள்ள மாநில வாரியத்தின் திரைகளுக்கு ஆலைகளின் அளவுகள் போகத் தொடங்கின. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 8 அன்று, எத்தனையோ ஆலைகளின் கட்டுப்பாட்டுத் திரைகளை நடத்திவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. வெளியே வா என்ற அழைப்பும், இனி உனக்குக் காவல் இல்லை என்ற அறிவிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

பழையதை மாற்றினால் தீர்ந்தது என்பார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் பரவியபோது ஒரகடத்தின் ரெனோ–நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. உலகெங்கும் அதில் பெரும்பாலும் சிக்கியது எக்ஸ்பி அல்ல, ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாதவர்களைச் சோம்பேறிகள் என்பது எளிது. ஆனால் திருத்தம் போட எந்திரத்தை நிறுத்தவேண்டும். உலை சூடாக இருக்கும்போது நிறுத்தச் சொல்பவருக்கு ஷிப்டில் யார் காது கொடுப்பார்கள்? ஓடுகிற எந்திரத்தில் கைவைக்காதே என்பது மில்லின் மூடநம்பிக்கை அல்ல, அனுபவக் கணக்கு. ஆபத்து வயதில் இல்லை, கேபிளில் என்பதற்கு இன்னொரு சான்று: 2019இல் ஆர்மிஸ் நிறுவன ஆய்வாளர்கள் விஎக்ஸ்வொர்க்ஸில் கண்டுபிடித்த 11 ஓட்டைகளும் வேலைகளை நேரப்படி நடத்தும் பகுதியில் இல்லை, வலைத்தொடர்புப் பகுதியில் இருந்தன.

அப்படியானால் கேபிளைப் பிடுங்கிவிடலாமே என்பது எதிர்த்திசை வாதம். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ஈரானின் நத்தான்ஸில் இணையத்தோடு தொடர்பில்லாத கட்டுப்பாட்டுக் கருவிகளை எட்டியது; பென் டிரைவ் வழியாகவும் அது பரவக்கூடியது. தவிர, எண்ணூரிலும் மணலியிலும் வாழ்பவர்களுக்குத் தாங்கள் சுவாசிக்கும் புகையின் அளவு தெரிந்தாகவேண்டும்; பாதுகாப்பின் பெயரால் அந்த ஜன்னலை மூடுவது ஆலைக்குத்தான் வசதி. இங்கே ஒன்று கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. கிண்டிக்குப் போகவேண்டிய அளவு ஒரு திசையில் போனால் போதும், அங்கிருந்து கத்தரிக்கு எந்த உத்தரவும் வரத் தேவையில்லை. ஒரு பக்கம் ஒளியை அனுப்பும் முனை மட்டும், மறு பக்கம் வாங்கும் முனை மட்டும் வைத்துச் செய்த ஒருவழிக் கருவிகள் அணுமின் நிலையங்களில் பயன்பட்டு வருகின்றன. மென்பொருளில் எந்த ஓட்டை இருந்தாலும், விளக்கே இல்லாத முனையிலிருந்து ஒளி திரும்பி வராது.