ஏழாவது பாட்டு ஏன் பாதியில நின்னுச்சு?

போன பொங்கலுக்குப் பென்னாகரம் போயிருந்தப்ப, மாமா வீட்டுப் பரண்ல ஒரு கேசட் கிடைச்சது. அட்டையில சினிமாப் படம் இல்லை, கம்பெனி பேரும் இல்லை. கோடு போட்ட வெள்ளை அட்டையில, நீல மையில, பக்கத்துக்கு 6 பாட்டுனு மொத்தம் 12 பாட்டு எழுதியிருந்தது. ஓட்டிப் பார்த்தா, முதல் பக்கத்துல ஆறு பாட்டும் முடிஞ்சப்புறம் அட்டையிலயே இல்லாத ஏழாவது பாட்டு ஒண்ணு ஓடுது. சரணத்துக்கு நடுவுல டக்குனு நின்னும் போகுது. "அது அங்கதான் முடியும் மாப்ள"னு மாமா சிரிச்சார். இந்த எபிசோட் அந்தக் கேசட்டைப் பத்தினதுதான்.

இப்ப நம்மில் சிலர் ஒரு எல்பிக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றோம். அந்தக் காலத்துல ஊருக்கு ஊர் ரெக்கார்ட் கடை இருந்திருக்கும், நம்ம அப்பாக்கள் ஒவ்வொரு தட்டா எடுத்துப் பார்த்து வாங்கியிருப்பாங்கனு ஒரு கற்பனையும் இருக்கு. ஆனா தமிழ்நாட்டுச் சின்ன ஊர்கள்ல நிறைய பேருக்குப் பாட்டுக்கடைனா அது ரெக்கார்டிங் சென்டர்தான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1902-ல கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து பாட்டுப் பதிவு பண்ணார். அப்புறம் கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆலையில அச்சான ஹெச்எம்வி தட்டுகள் நாடு முழுக்கப் போச்சு. பழைய 78 ஆர்பிஎம் தட்டுல பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பாடும். தட்டும் விலை, அதை ஓட்டுற பெட்டியும் விலை. அதனால கிராமப்பக்கம் தட்டு வாங்கினவங்கள்ல முக்கியமானவங்க மைக் செட்காரரும் டூரிங் டாக்கீஸ்காரரும்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழானா மரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்க. ஊரே கேட்கும். ஆனா எந்தப் பாட்டுங்கறது கேட்கிறவங்க கையில இல்லை.

அதை மாத்தினது கேசட். பிலிப்ஸ் அதை அறிமுகம் பண்ணது 1963-ல. நம்ம ஊர் வீடுகளுக்கு அது பரவலா வந்தது 70களோட கடைசியிலயும் 80கள்லயும். வெளிநாட்டுல இருந்து வந்தவங்க கையில ஒரு டூ இன் ஒன் இருக்கும். அதே சமயத்துல, 1976-ல 'அன்னக்கிளி' மூலமா இளையராஜா வந்துட்டார். அவரோட படப் பாட்டுகள் இன்ரிகோ, எக்கோ மாதிரி லேபிள்கள்ல எல்பியா வந்துச்சு.

அந்த எல்பியைக் கடைக்காரர் வாங்கி வச்சிருப்பார். நீங்க ஒரு பேப்பர்ல லிஸ்ட் எழுதிட்டுப் போவீங்க: 'நிழல்கள்'ல ரெண்டு, 'ஜானி'ல ரெண்டு, 'பயணங்கள் முடிவதில்லை'ல ஒண்ணுன்னு. வெத்து கேசட்டுக்கும் பதிவுக்கும் காசு குடுத்துட்டு, சில நாள் கழிச்சு வந்து வாங்கிக்கணும். கம்பெனி கேசட்ல ஒரு படத்துப் பாட்டு மொத்தமா வரும், பிடிக்காததும் சேர்ந்து. இது உங்க பிளேலிஸ்ட். அந்த வார்த்தை நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே.

இப்ப சின்னதா ஒரு கணக்கு. சி-60 கேசட்ல பக்கத்துக்கு 30 நிமிஷம். பாட்டுக்கு நாலரை நிமிஷம்னா ஆறு பாட்டுக்கு 27. மிச்சம் மூணு நிமிஷ டேப் காலியா இருக்கும். நல்ல கடைக்காரர் அதைச் சும்மா விடமாட்டார், தனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணைப் போட்டுவிடுவார். டேப் தீர்ந்த இடத்துல அது நின்னுடும்.

சரி, இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவை நகல் எடுக்கிற உரிமை அதோட உரிமையாளருக்குத்தான். 1984 திருத்தம் தண்டனையைக் கடுமையாக்குச்சு. தயாரிச்சவர் பேர், முகவரி, வெளிவந்த வருஷம் எல்லாம் ஒலிப்பதிவுலயும் அதோட உறையிலயும் இருக்கணும்னும் சொல்லுச்சு. மாமா கேசட்ல எதுவுமே இல்லை. அது திருட்டு நகல்தான், மழுப்ப வேண்டாம். மாமா குடுத்த காசுல இசையமைப்பாளர், பாடகர், வயலின் வாசிச்சவர் யாருக்கும் ஒரு பைசா போகலை.

அந்தத் திருட்டுக்குக் கணக்கும் கிடையாது. ஒரு எல்பி வித்தா கம்பெனிக் கணக்குல ஒண்ணு. அதுலேர்ந்து எத்தனை கேசட் போச்சுனு எங்கயும் பதிவில்லை. சென்னை ரோஜா முத்தையா நூலகத்துல பழைய இசைத்தட்டுகளைப் பாதுகாக்கிறாங்க. ஆனா பென்னாகரத்துல 1985 வாக்குல யார் எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கேட்டாங்கங்கறதுக்கு ஆதாரம் எது? இந்த மாதிரி நீல மை அட்டைகள்தான். சர்வர் போயிடுச்சு, லாக் மட்டும் பரண்ல கிடக்கு.

அப்புறம் எம்பி3 சிடி வந்துச்சு, ஒரு தட்டுல நூத்துக்கு மேல பாட்டு. அடுத்து மொபைல் கடையில மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுத்தாங்க. 4 ஜிபி கார்டுல சுமார் ஆயிரம் பாட்டு. அதுவும் திருட்டு நகல்தான், ஆனா லிஸ்ட் எழுத வேண்டிய அவசியம் போயிடுச்சு. பன்னெண்டே பாட்டுனா யோசிச்சுத் தேர்ந்தெடுக்கணும். ஆயிரத்துக்கு யார் யோசிப்பாங்க?

கிளம்பறப்ப மாமாகிட்ட, "இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"னு கேட்டேன். அந்த ஏழாவது பாட்டாம். அவர் கேட்காத பாட்டு. இப்ப யூடியூப்ல முழுசா இருக்குன்னு போட்டுக் காட்டினேன். ரெண்டாவது சரணம் வந்ததும் ஃபோனை என்கிட்டயே குடுத்துட்டார். "இது வேற பாட்டு மாதிரி இருக்கு"ன்னார்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பை கிடக்கலாம். டேப்ல பூஞ்சை பிடிச்சிருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அந்த அட்டையை ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. எழுதினது யாருன்னும் கேட்டுக் குறிச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.