சுனாமிக் காசுக்கு என்ன நடந்தது?

சுனாமி பற்றி நாங்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் அலையும் சாவும்தான். அப்போது திறைசேரியில் என்ன நடந்தது என்று ஒருத்தரும் சொல்லேல்ல.

2004 டிசம்பர் 26 இல் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஜப்பானிய வங்கியும் அடுத்த மாதமே கணக்குப் பார்த்தன: சேதம் சுமார் 100 கோடி டொலர், மீளக் கட்ட ஏறத்தாழ 150 கோடி. எந்த வரவு செலவுத் திட்டம் இதைத் தாங்கும்?

ஆனால் திறைசேரி கவிழவில்லை. பாரிஸ் கழக நாடுகள் 2005 ஆம் ஆண்டுக் கடன் தவணைகளை ஒத்திவைக்க முன்வந்தன. உதவி வாக்குறுதிகளோ தேவைக்கு மேலேயே குவிந்தன.

சிக்கல் வந்தது, வடக்குக் கிழக்கில் அந்தக் காசை யார் செலவழிப்பது என்பதில்தான். 2005 ஜூன் 24 இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ‘பொதுக் கட்டமைப்பு’ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதை எதிர்த்து ஜேவிபி அதற்கு முன்னரே அரசாங்கத்தை விட்டுப் போய்விட்டது. உதவிப் பணத்துக்கென ஒரு பிராந்திய நிதியம், அதற்குப் பாதுகாவலர் உலக வங்கி என்பது ஏற்பாடு. கறாரான ஏற்பாடுதான், எங்களைக் கேட்டால். ஜூலை 15 இல் உயர் நீதிமன்றம் அந்த நிதியம் உட்பட முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அதோட சரி.

அதிகம் பேரைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. நிதியம் சேர வேண்டியிருந்த ஆறு மாவட்டங்களில் அதுவும் ஒன்று.