இரும்பு மோதிரம்



கழுத்தில் அணியும் நகைக்கு என்ன மதிப்பு? பொன் என்றால் பத்தர் தராசில் வைத்துச் சொல்லிவிடுவார். தராசில் வைக்க முடியாத ஓர் இரும்பு மோதிரத்தின் கதையை இன்று கேட்போம்.

பழைய ரோமப் பேரரசில் சிலுவை என்றாலே இழிவு. அடிமைகளையும் கலகக்காரர்களையும் அறைந்து கொல்லும் மரம் அது. இயேசு பெருமானும் அம்மரத்திலேயே உயிர்நீத்தார். கி.பி. 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. அதன்பின், அவர் அறையுண்ட சிலுவையின் மரம் என்று நம்பப்பட்ட சிறுசிறு துண்டுகள் ஜெருசலேமிலிருந்து பல நாடுகளுக்கும் பரவின. நம்மவர் தாயத்து கட்டுவதுபோல், ஆண்களும் பெண்களும் அத்துண்டுகளைப் பொற்சிமிழில் அடைத்துக் கழுத்தில் அணிந்தார்கள். அஞ்சி ஒதுக்கிய கொலைமரத்தை இப்படி எல்லோரும் விரும்பித் தேடுகிறார்களே என்று, அக்காலத்துப் பேச்சாளர் ஜான் கிறிசோஸ்தம் வியந்து எழுதினார்.

இப்போது துருக்கியாக இருக்கும் நாட்டின் வடபகுதியில் அந்நாளில் வாழ்ந்தவர் மக்ரீனா அம்மையார். நிலபுலனும் அடிமைகளும் நிறைந்த செல்வக் குடும்பம் அவருடையது. அவர் தம் தாயாரிடம் பேசி, அவர் மனத்தை மாற்றினார். அதுவரை ஏவல் செய்த பெண்களைத் தாயும் மகளும் உடன்பிறந்தவர்களாக ஏற்று, அவர்களோடு சரிசமமாக வாழலானார்கள். பஞ்சகாலத்தில் தெருவோரம் கிடந்த சிறுமிகளையும் மக்ரீனா எடுத்து வளர்த்தார்.

379ஆம் ஆண்டளவில் அவர் காலமானார். உடலுக்கு உடுத்த நல்ல ஆடை உண்டா என்று தம்பி கிரகோரி கேட்டார். இவர் நீசா நகரத்து ஆயர். பழைய மேலாடை, முக்காடு, தேய்ந்த செருப்பு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பதில் வந்தது.

உடலை அலங்கரிக்கும்போது, வெத்தியானா என்ற விதவை அம்மையாரின் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை எடுத்தார். அதில் ஓர் இரும்புச் சிலுவையும் ஓர் இரும்பு மோதிரமும் கோத்திருந்தன. “சிலுவை உமக்கு, மோதிரம் எனக்கு” என்று கிரகோரி பங்கிட்டார். நல்ல பங்கையே அவர் தேர்ந்துகொண்டதாக வெத்தியானா சொன்னார். மோதிரத்தின் உட்புறம் குழிவானது. அதற்குள் சிலுவை மரத்தின் துண்டு மறைந்திருந்தது! இவற்றையெல்லாம் கிரகோரியே எழுதிவைத்திருக்கிறார்.

பிற்காலத்தில் அரசர்களும் இத்தகைய சிமிழ்களை அணிந்தனர். 603ஆம் ஆண்டில் போப்பாண்டவர் முதலாம் கிரகோரியார், இத்தாலியை ஆண்ட லம்பார்டியரின் அரசி தியோதெலிந்தாவுடைய குழந்தைக்கு, மரத்துண்டு வைத்த சிலுவை ஒன்றை அனுப்பினார்.

அரண்மனைக் குழந்தைக்குக் கிடைத்ததும் அதே மரம்தான். ஆனால் மக்ரீனா அதை இரும்பில் வைத்து, ஆடைக்குள் மறைத்து அணிந்தார். அடிமையைக் கொன்ற மரத்தின் துண்டு, அடிமைப் பெண்களைத் தமக்குச் சமமாக வைத்த ஒருவரின் நெஞ்சில் கிடந்தது. அதைவிடப் பொருத்தமான பேழை வேறு எது, நேயர்களே?