தளர்ந்த கரமும் மின்சாரமும்



பாரிசவாதம் கண்டவரின் கை ஆறு மாதத்துள் தேறாவிடின் இனித் தேறாது என்னும் எண்ணம் வைத்தியரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. அவ்வெண்ணம் ஆட்டங்கண்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1870 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் பிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் வைத்தியர் இருவர் ஒரு நாயின் மூளையின் முற்பகுதியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். சோதனை நடந்த இடம் ஆய்வுகூடமன்று. ஹிட்சிக்கின் இல்லம் என்பர். மூளையின் ஒரு பக்கத்தைத் தூண்ட, உடலின் மறுபக்கத்துக் கால் அசைந்தது! அதுவரை மூளையின் மேற்பரப்பு தூண்டுதலுக்கு இணங்காதது என்றே பேரறிஞரும் நம்பியிருந்தனர்.

மின்சாரம் காலை அசைக்குமாயின், தளர்ந்த கையையும் மீட்குமன்றோ? ஆசை இயல்பானதே. ஆயினும் விடையின் மறுபாதி வேறோரிடத்தில் இருந்தது. 1917 இல் அமெரிக்காவில் ஒக்டன், பிரான்ஸ் என்போர் மூளை பழுதுபட்ட குரங்குகளின் நல்ல கையைக் கட்டிவிட்டுத் தளர்ந்த கையை இயக்கச் செய்தனர். அவை சில வாரங்களில் வியக்கத்தக்கவாறு தேறின. வாளா விடப்பட்டவை தேறவில்லை.

இச்செய்தி வைத்தியசாலைகளை எட்டப் பல்லாண்டுகள் சென்றன. மின்சாரத்தின் புதுமைக்கிருந்த கவர்ச்சி பயிற்சிக்கு இல்லைப் போலும். பின்னாளில் எட்வட் டோப் என்னும் அமெரிக்க அறிஞர் காரணத்தை விளக்கினார். தொடக்கத்தில் முயன்று தோற்ற நோயாளர், அக்கையைப் பயன்படுத்தாமையையே ஒரு பழக்கமாகக் கற்றுக்கொள்கின்றனர். (அன்பு மிகுதியால் வீட்டார் எல்லாவற்றையும் தாமே செய்து கொடுப்பதும் இதற்குத் துணைபோகும் என்பது என் எண்ணம்.) நல்ல கைக்கு உறையிட்டு, தளர்ந்த கைக்கு இரு வாரம் கடும்பயிற்சி அளிக்கும் அவரது முறை 222 நோயாளரிடம் சோதிக்கப்பட்டது. 2006 இல் வெளியான அதன் முடிவு பயிற்சிக்குச் சாதகமாகவே அமைந்தது.

இதற்கிடையே 1985 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் பாக்கரும் துணைவரும், மண்டையோட்டைத் திறவாமலே காந்தத் துடிப்பினால் மூளையைத் தூண்டும் வழியைக் கண்டனர். இனி இரண்டையும் இணைக்கலாம் என்ற நம்பிக்கை பெருகிற்று. 2018 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 199 நோயாளர் பங்குகொண்டனர். பயிற்சி அனைவருக்கும் உண்டு. காந்தத் துடிப்பு ஒரு சாராருக்கு மெய்யாகவும் மறு சாராருக்குப் போலியாகவும் அளிக்கப்பட்டது. ஆறு மாதத்தின் பின் குறிப்பிடத்தக்க தேற்றம் கண்டோர் முன்னவரில் நூற்றுக்கு 67, பின்னவரில் 65. கருவி தோற்றது; பயிற்சி தோற்கவில்லை.

அப்படியாயின் இணைப்பு வீண்தானோ? வேளை அறிந்து இணைத்தால் வீணன்று எனத் தோன்றுகிறது. 2021 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 108 பேரிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மார்பில் சிறு கருவியொன்றைப் பதித்து, கழுத்து வழியே செல்லும் வேகஸ் நரம்போடு இணைத்தனர். நோயாளர் கையை நீட்டிப் பொருளைப் பற்றும் அக்கணத்திலே பயிற்சியாளர் பொத்தானை அமுக்குவார். அரை விநாடி மின்துடிப்பு நரம்பின் வழியே மூளையை எட்டும். கை அசையாத வேளையில் பயிற்சியாளர் துடிப்பை எழுப்புவதில்லை. பயிற்சி முடிந்து மூன்று மாதத்தின் பின், துடிப்புப் பெற்றோரில் நூற்றுக்கு 47 பேரும் பெறாதோரில் 24 பேரும் பயன்தரத்தக்க அளவு தேறியிருந்தனர். அவ்வாண்டே அமெரிக்க அரசு இக்கருவிக்கு அனுமதி வழங்கியது. சத்திரசிகிச்சையின்றி இதனைப் பொருத்த இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவ்வாய்விற் பங்குகொண்டவர்கள், பாரிசவாதம் கண்டு ஒன்பது மாதம் முதல் பத்தாண்டு வரை கழிந்தவர்கள்.